ஒரே அறைக்குள் நடக்கும் சஸ்பென்ஸ் படம்: படம்பிடிக்கப்பட்ட நாடகம் என்று ஒதுக்கிவிட முடியுமா?

கேள்வி: பின்வரிசை இருக்கை

ஆல்பிரட் ஹிட்ச்காக் 1948-இல் இயக்கிய ‘ரோப்’ படத்தைச் சென்ற வாரம்தான் முதன்முறையாகப் பார்த்தேன். நியூயார்க்கின் மாடிக் குடியிருப்பு ஒன்றில் இரண்டு இளைஞர்கள் தம்முடன் படித்த ஒருவனைக் கயிற்றால் நெரித்துக் கொன்று, உடலை மரப்பெட்டி ஒன்றில் அடைத்து, அந்தப் பெட்டியின் மேலேயே விருந்தைப் பரப்பி, இறந்தவனின் தந்தை உள்ளிட்டோரை அழைத்து உபசரிக்கிறார்கள். எழுத்து ஓடும்போது தெரியும் தெருவை விட்டுவிட்டால், ஏறத்தாழ 80 நிமிடமும் நாம் அந்த வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறோம்; காட்சியும் பெரும்பாலும் வெட்டே இல்லாததுபோல ஓடுகிறது. உடன் பார்த்த நண்பர், இது பாட்ரிக் ஹாமில்டன் 1929-இல் எழுதிய மேடை நாடகம்தானே, எதிரில் கேமராவை வைத்து எடுத்துவிட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் மறுத்துச் சொல்ல வலுவான காரணமும் அகப்படவில்லை. இத்தகைய படங்களில் பதற்றத்தை உண்டாக்குவது எது? காட்சி வெட்டுப்படாமல் நீண்டுகொண்டே போவதா, இடத்தின் நெருக்கமா, வேறு ஏதேனுமா?

மறுமொழி: பழைய எடிட்டர்

வெட்டுப்படாமல் நீள்வதற்கு நாம் தேவைக்கு அதிகமாகவே மதிப்புக் கொடுத்துவிட்டோம் என்று நினைக்கிறேன். அக்காலக் கேமராவில் ஒரு தடவைக்கு 1000 அடிப் படச்சுருளைத்தான் மாட்ட முடியும். அது ஓடி முடியப் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஆகவே சுருள் முடியும் தறுவாயில் கேமரா யாருடைய கோட்டின் முதுகையாவது நெருங்கித் திரையை இருட்டாக்கும்; அடுத்த சுருள் அந்த இருட்டிலிருந்து தொடங்கும். ஆனால் எல்லா இணைப்புகளும் அப்படி மறைக்கப்படவில்லை, திரையரங்கில் ரீல் மாற வேண்டிய இடங்களில் சாதாரண வெட்டே இருக்கிறது. கூர்ந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும். கேமரா நகர வழிவிடுவதற்காகச் சக்கரம் வைத்த சுவர்களை நடிப்பின் நடுவே ஓசையின்றி இழுத்திருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய உழைப்புதான். எனினும் பிற்காலத்தில் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் உரையாடியபோது ஹிட்ச்காக்கே இதை ஒரு வித்தை என்றும், படத்தொகுப்பைப் பற்றித் தான் கொண்டிருந்த கொள்கைக்கே முரணானது என்றும் ஒப்புக்கொண்டார். எனவே உங்கள் நண்பர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு என்பதே என் கருத்து.

மறுமொழி: மூன்றாம் மணி

முன்னவர் கூறிய தொழில்நுட்பச் செய்திகளை ஏற்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. விருந்து முடிந்தபின் பணிப்பெண் பெட்டியின் மேலிருப்பவற்றை அகற்றும் காட்சியை நினைத்துப் பாருங்கள். வரவேண்டிய இளைஞன் ஏன் இன்னும் வரவில்லை என்று விருந்தினர் பேசிக்கொண்டிருக்கிறார்கள்; ஆனால் பேசுபவர்களைக் கேமரா ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு, பெட்டியையும் அதற்கப்பால் உள்ளறைக்குச் செல்லும் வழியையும் மட்டுமே பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது. அந்த அம்மாள் தட்டுகளை எடுத்துச் செல்கிறார், திரும்பி வருகிறார், மெழுகுவர்த்தித் தண்டுகளை எடுக்கிறார், விரிப்பை உருவுகிறார், பிறகு பெட்டியில் வழக்கமாக இருக்கும் புத்தகங்களைச் சுமந்து வருகிறார். ஒவ்வொரு நடைக்கும் மூடி திறக்கப்படும் கணம் நெருங்குகிறது. அறையில் இத்தனை பேர் இருந்தும் அதைக் கவனிப்பது நாம் மட்டுமே.

இதையே மேடையில் நடத்திப் பாருங்கள். பேசுபவர்கள் அனைவரும் நம் கண்முன் நிற்பார்கள், நம் பார்வை இயல்பாகவே குரல் வரும் பக்கம் திரும்பும், பணிப்பெண் பின்னணியில் கரைந்துபோவார். திரைப்படமோ குரலை ஒரு பக்கமும் பார்வையை மறுபக்கமும் பிரித்துவிடுகிறது. திரும்பிப் பார்க்கும் உரிமையை நம்மிடமிருந்து பறித்துக்கொள்கிறது. ஆக, அறை மூடியிருப்பதைக் காட்டிலும் சட்டகம், அதாவது கேமரா நமக்குக் காட்டும் பரப்பின் எல்லை, மூடியிருப்பதே பதற்றத்துக்குக் காரணம் என்பேன். (சஸ்பென்ஸ் உண்டாக, மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பது பார்வையாளருக்கு முன்பே தெரிய வேண்டும் என்ற ஹிட்ச்காக்கின் விளக்கத்தை இங்கே யாரேனும் கொண்டுவருவார்கள் என்பது உறுதி. உண்மைதான், ஆனால் அது நமக்கு என்ன தெரியும் என்பதைச் சொல்கிறதே தவிர, எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைச் சொல்வதில்லை.)

அவரே 1954-இல் எடுத்த ‘ரியர் விண்டோ’வும் இப்படித்தான். கால் முறிந்து சக்கர நாற்காலியில் இருக்கும் புகைப்படக்காரர் தம் சன்னல் வழியே எதிர்வீடுகளைப் பார்க்கிறார். ஒவ்வொரு சன்னலும் ஒரு குட்டித் திரை, இரண்டு சன்னல்களுக்கு இடையிலுள்ள சுவர் நாம் பார்க்க முடியாத பகுதி. சந்தேகத்துக்குரியவன் ஒரு சன்னலில் மறைந்து அடுத்ததில் தோன்றும் வரை நமக்கு ஒன்றும் தெரியாது. நாயகர் உறங்கும்போது அவன் ஒரு பெண்ணுடன் வெளியேறுவதை நமக்கு மட்டும் காட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு நாயகர் உறுதியாகப் பேசும் ஒவ்வொரு சொல்லையும் நாம் சற்று ஐயத்துடனேயே கேட்கிறோம்.

மறுமொழி: பழைய எடிட்டர்

பணிப்பெண் காட்சியை மறந்துவிட்டேன். அந்த அளவில் என் கூற்றைத் திரும்பப் பெறுகிறேன். எனினும் இடத்தின் நெருக்கத்தை முற்றிலும் தள்ளிவிட வேண்டாம். கொலையைப் பற்றிய படம் என்றாலும் திகில் படம் என்று சொல்ல முடியாத ‘டுவெல்வ் ஆங்ரி மென்’னை (1957) எடுத்துக்கொள்ளுங்கள். கொலை வழக்கின் தீர்ப்பை முடிவுசெய்யப் பன்னிரண்டு ஜூரிகள் ஓர் அறைக்குள் வாதிடும் படம் அது. சிட்னி லூமெட் படம் செல்லச் செல்லக் குவியத்தூரம் கூடிய, பின்னால் இருப்பதை நெருங்கியதாகக் காட்டும் லென்சுகளுக்கு மாறிக்கொண்டே போனார். சுவர்கள் மனிதர்களின் முதுகுக்கு அருகே வந்துவிட்டதுபோல் தோன்றும். தொடக்கத்தில் கண்மட்டத்துக்கு மேலிருந்த கேமராவைப் படிப்படியாகக் கீழே இறக்கியதால் இறுதிப் பகுதியில் உட்கூரையும் தெரிய ஆரம்பிக்கிறது. அறை அதே அறைதான், சுருங்கியது நம் கண்ணில் மட்டும்.

மறுமொழி: காது மட்டும்

ஒலியைப் பற்றி யாரும் பேசாததால் சுருக்கமாக ஒன்று. பார்த்திபனின் ‘ஒத்த செருப்பு சைஸ் 7’ (2019) படத்தில் காவல் நிலைய விசாரணை அறையில் அவர் ஒருவரே திரையில் தெரிகிறார்; விசாரிப்பவர்கள் அனைவரும் வெறும் குரல்கள். ‘மூன்றாம் மணி’ சொன்ன அந்தப் பிரிவினையைப் படம் முழுவதற்கும் நீட்டியதுபோல இருக்கிறது. முகம் தெரியாத அதிகாரி என்ன பாவனையில் கேட்கிறார் என்பதை நாமே கற்பனை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. சில இடங்களில் அந்த வேலை களைப்பூட்டுவதையும் மறைக்க வேண்டியதில்லை.

மறுமொழி: பின்வரிசை இருக்கை

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு பணிப்பெண் காட்சியை மட்டும் நண்பருக்கு மீண்டும் போட்டுக் காட்டினேன். அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் விருந்தினர் என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு அவரால் ஒரு வாக்கியத்தைக்கூட நினைவுகூர முடியவில்லை. இப்போது அவருடைய புதிய புகார், சன்னலுக்கு வெளியே பொழுது நிஜத்தைவிட வேகமாகச் சாய்கிறது என்பது. அதையும் மேடைத்தனம் என்கிறார். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.