அடப்டர் இல்லாமல் மூன்றாம் மாடியில்

நான் வாசிப்பது யமஹா பிஎஸ்ஆர் எஸ்எக்ஸ் 900. கீபோர்ட் மட்டுமே 11.5 கிலோ. ஸ்டேண்ட், பெடல், வயர் பை எல்லாம் தனி. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஆட்டோ பிடித்தால் பின்சீட்டில் படுக்கவைக்க முடியாது. சாய்த்து நிறுத்தி, வெள்ளவத்தை வரும்வரை கட்டிப்பிடித்தபடி வருவேன்.

போன ஒக்டோபரில் ஒரு கல்யாண ரிசெப்ஷன். மண்டபம் மூன்றாம் மாடி. லிப்டில் சாப்பாட்டுச் சட்டிகள் ஏறிக்கொண்டிருந்ததால் படியில் இரண்டு தடவை ஏறி இறங்கினேன். வெளியே மழை பிடித்துவிட்டது. பையைத் திறந்தால் அடப்டர் இல்லை. முதல்நாள் இரவு வீட்டில் பழகிப் பார்க்க எடுத்தது, சுவரிலேயே நின்றுவிட்டது.

மண்டபத்து எலக்ட்ரீசியன் அண்ணா பாவம், ஓடிப்போய் ஒரு லேப்டொப் அடப்டர் கொண்டுவந்தார். "வாய் பொருந்துது தம்பி, குத்திப் பாருங்கோ." அதில் 19 வோல்ட் என்று போட்டிருந்தது. இதற்கு வேண்டியது 16. மனம் வரவில்லை, வேண்டாம் என்றேன்.

தெஹிவளையில் இருக்கும் நண்பனுக்குக் கோல் எடுத்தேன். அவனிடமும் இதே மொடல். அவன் வரும்வரை ஒக்டபேட் என்ற எலக்ட்ரோனிக் ட்ரம்ஸும் கிட்டாரும் வைத்து இரண்டு பாட்டு ஒப்பேற்றினார்கள். ஆனால் எங்கள் குழுவில் பேஸ், ஸ்ட்ரிங்ஸ், பிராஸ் எல்லாம் இந்த ஒரு பெட்டிக்குள்தான் இருக்கிறது. பாடகர் அக்கா என்னையே பார்த்துப் பார்த்துப் பாடினார். நண்பன் தொப்பலாக நனைந்து வந்தான். சட்டைக்குள்ளிருந்து ஒரு சொப்பிங் பேக்கை எடுத்தான். அடப்டர் மட்டும் காய்ந்திருந்தது.

இடக்கையில் கோர்ட் (சுரக்கூட்டு) பிடித்தால் பின்னணி வாத்தியங்களையும் சேர்த்துத் தரும் இந்த மாதிரிக் கீபோர்டுக்கு அரேஞ்சர் என்று பெயர். அரேஞ்சர் தானாக வாசிக்கும், நீங்கள் பட்டன் அமத்தினால் சரி என்று சிலர் சொல்லும்போது எனக்கு வலிக்கும். இடக்கையில் ஒரு கோர்ட் பிழைத்தால் பேஸ், கிட்டார், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் சேர்ந்து பிழைக்கும். பாட்டின் பகுதிகளுக்கு நடுவே வரும் ட்ரம்ஸ் துண்டான ஃபில்லை ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) பிந்தி அமத்தினால் பாடகர் தடுமாறுவார். அன்றைக்குக் கடைசியில் பைலா கேட்டார்கள். அதற்கு நானே திருத்தி வைத்த 6/8 ஸ்டைல், அதாவது தாளப் பின்னணி, ஒன்று உண்டு. இடக்கை பட்டதும் தாளம் தொடங்கும் சிங்க் ஸ்டார்ட்டைப் போட்டு இடக்கை வைத்ததும், அதுவரை கதிரையை விட்டு எழும்பாத பெரியவர்கள்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

இப்போது இரண்டாவது அடப்டர் ஒன்று வாங்கிப் பையின் முன் அறையிலேயே வைத்திருக்கிறேன், வீட்டுக்குள் எடுப்பதில்லை. உருண்டைப் பின், சதுரப் பின் இரண்டுக்கும் பிளக் மாற்றியும் அதோடுதான். பழைய மண்டபங்களில் எது இருக்குமென்று சொல்ல முடியாது. பாரமான பெட்டியை விட்டு, முதுகில் போடும் பைக்கு மாறிவிட்டேன். படியேறும்போது ஒரு கை கைப்பிடிக்கு மிச்சம்.