பழைய சான்ட்ரோ ஸ்டீரியோவில் புளூடூத்: மலை இறங்கினால் வானொலி புகுந்துவிடுகிறது, வழி சொல்லுங்கள்

ஏலத்தோட்டம்:
வணக்கம். வண்டி 2005 சான்ட்ரோ ஜிங். அப்பா வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். வாங்கியபோதே வெளிக்கடையில் போட்ட சிடி பிளேயர், சிங்கிள் டின் அளவு (ஒற்றை அடுக்கு உயரம்). எஃப்எம் உண்டு, எம்பி3 சிடி ஓடும். முன்பக்கம் யுஎஸ்பியும் கிடையாது, வெளியிலிருந்து பாட்டு கொடுக்கிற ஆக்ஸ் ஜாக்கும் கிடையாது. போனில் இருக்கும் பாட்டு வயர் இல்லாமல் அதில் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போதைக்கு சிகரெட் லைட்டரில் சொருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் (போன் பாட்டை புளூடூத்தில் வாங்கி வண்டி ரேடியோவுக்கு எஃப்எம்மில் அனுப்புவது) ஒன்றை வாங்கி 100.7-இல் வைத்திருக்கிறேன். வண்டிப்பெரியாரிலிருந்து குமுளி வரை பரவாயில்லை. செக்போஸ்ட் தாண்டி மலை இறங்க ஆரம்பித்ததும் தொல்லைதான். ஒரு வளைவில் என் பாட்டு, அடுத்த வளைவில் கோடை பண்பலையில் யாரோ உரம் போடுவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். லோயர் கேம்ப் வந்தால் முழுக்க வானொலி. இது போக, சில இடங்களில் பாட்டு அப்படியே நின்றுவிடுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடவே ‘ஙொய்’ என்று ஒரு ஊளை. மூன்றும் ஒரே கோளாறா, வேறு வேறா? ஏலக்காய் ஏலத்துக்குப் போடி போய்வர எனக்கு இந்த வழிதான். செட்டை மாற்றச் சொல்லாதீர்கள், அப்பாவின் சிடிகள் ஓட வேண்டும்.

கம்பம்வாசி:
100.7-ஆ? அண்ணே, கோடை பண்பலை 100.5. அதன் டிரான்ஸ்மிட்டர் 10 கிலோவாட், அதுவும் கொடைக்கானல் உச்சியிலிருந்து எங்கள் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி அடிக்கிறது. அதன் வாசலில் கடை போட்டுவிட்டு வியாபாரம் நடக்கவில்லை என்கிறீர்கள். 88-க்குப் பக்கத்தில் எங்காவது வைத்துப் பாருங்கள்.

பழைய ஸ்பேனர்:
மூன்றும் வேறு வேறு. ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் காசு மிச்சம்.

முதலில் வானொலி புகுவது. எஃப்எம் ரிசீவருக்கு ஒரு குணம் உண்டு. ஒரே அலைவரிசையில் இரண்டு சிக்னல் வந்தால் இரண்டையும் கலந்து தராது. பலமானதைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிடும். அதனால்தான் வளைவுக்கு வளைவு ஆள் மாறுகிறது. மலை மறைக்கும் இடத்தில் உங்கள் டிரான்ஸ்மிட்டர் ஜெயிக்கிறது, பள்ளத்தாக்கு திறந்தால் கோடை ஜெயிக்கிறது. ஒரு ஸ்டேஷனே 0.2 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு இடம் பிடிக்கும், அதனால் 100.5-க்கும் 100.7-க்கும் உள்ள இடைவெளி ஒன்றுமே இல்லை. கம்பம்வாசி சொன்னபடி 87.7, 88.1 பக்கம் போங்கள். நம் பக்கத்து ஆகாசவாணி எஃப்எம்கள் பெரும்பாலும் 100-க்கு மேலேதான். திருவனந்தபுரம் அனந்தபுரி 101.9, கொச்சி 102.3. வண்டி ஏரியல் இழுத்து நீட்டுகிற மாதிரியாக இருந்தால் அதை உள்ளே தள்ளியும் பாருங்கள். வெளியிலிருந்து வருவது பலவீனமாகும், உள்ளே இருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கு அது நல்லது.

பாட்டு நிற்பது பெரும்பாலும் புளூடூத் குற்றம் இல்லை. பாட்டு எங்கிருந்து வருகிறது, போனில் இறக்கி வைத்ததா, நெட்டிலிருந்தா? நெட்டிலிருந்து என்றால், டவர் போன பிறகும் முன்கூட்டி எடுத்து வைத்த அளவுக்குக் கொஞ்ச நேரம் பாடிவிட்டு அப்புறம்தான் நிற்கும். புளூடூத் கோளாறு என்றால் நிற்காது, நறுக்கி நறுக்கிப் பாடும். போனைப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அப்படித்தான் ஆகும், உடம்பே அந்த அலையைக் குடித்துவிடும்.

ஊளை மூன்றாவது சமாச்சாரம். அதைக் கடைசியில் பார்ப்போம். டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு அதைத் துரத்துவது வீண்வேலை.

ஏலத்தோட்டம்:
நெட்டிலிருந்துதான். மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் ராட்சதக் குழாய் தெரிகிற வளைவுகளில் கேரள டவரை விட்டுத் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும்போது போன் திணறுகிறது. நீங்கள் சொன்னது அப்படியே பொருந்துகிறது, ஒரு பாட்டு முடிகிற வரைக்கும் ஓடி அடுத்ததில் நிற்கிறது. பாட்டுகளை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துவிட்டேன், அந்தத் தொல்லை தீர்ந்தது.

88.1-இல் வைத்தேன். லோயர் கேம்பிலும் என் பாட்டுதான். ஆனால் சத்தம் சப்பென்று இருக்கிறது, பின்னணியில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைச்சல். ஊளையும் அப்படியே.

புளியரை:
என்னுடையது மாருதி 800, கேசட் செட். கேசட் வடிவ அடாப்டர் போட்டிருக்கிறேன், டிரான்ஸ்மிட்டரைவிட எவ்வளவோ மேல். ஒரே எரிச்சல், ஆட்டோ ரிவர்ஸ் உள்ள டெக்கில் அது சில நேரம் பக்கம் மாற்றி மாற்றித் தட்டும். சிடி செட்டுக்கு இது உதவாது, வேறு யாராவது படித்தால் பயன்படட்டும் என்று எழுதினேன்.

பீர்மேடு மழை:
எதற்கு இந்த மல்லுக்கட்டு? புளூடூத் உள்ள புது சிங்கிள் டின் செட் வாங்கிப் போடுங்கள். போன் பேசலாம், மைக் வரும், யுஎஸ்பி வரும். சிடியும் ஓடும் மாடல்கள் உண்டு. பழைய வயரை வெட்டி ஒட்டினால் அரை நாள் வேலை.

பழைய ஸ்பேனர்:
புது செட் நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் ‘வெட்டி ஒட்டினால்’ என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். சான்ட்ரோவின் கப்ளருக்கு (வயர்களைச் சேர்க்கும் சொருகிக்கு) பொருந்தும் அடாப்டர் வயரிங் கடையில் கிடைக்கும், வண்டி வயரைத் தொடவே வேண்டாம். அதுவும் கிடைக்காத ஊரில் செய்கிறவர்கள் புது செட்டோடு வரும் வயரில் இதையாவது மனதில் வையுங்கள்: மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், நேரடி பேட்டரி. சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் வரும். கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கறுப்புக் கோடு இருந்தால் அது மைனஸ். மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து பேட்டரியில் கொடுத்தால் சாவியை எடுத்த பிறகும் செட் மின்சாரம் குடிக்கும். இரண்டையும் சேர்த்து சாவியில் கொடுத்தால் வண்டி நிறுத்தும் போதெல்லாம் ஸ்டேஷன், கடிகாரம் எல்லாம் மறந்துபோகும். ஸ்பீக்கர் மைனஸை பாடியில் எர்த் செய்கிற பழைய பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், செட்டுக்குள் ஒலியைப் பெருக்கும் ஐசி போய்விடும்.

ஆனால் கேட்டவர் செட்டை மாற்றவே வேண்டாம் என்கிறார். ஏலத்தோட்டம், உங்கள் செட்டை உருவிப் பின்பக்கம் பார்த்தீர்களா? அந்தக் காலத்து சிடி செட்டுகள் சிலவற்றில் முன்னால் ஜாக் இல்லாவிட்டாலும் பின்னால் ஆடியோ வயர் சொருகும் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ சாக்கெட் இருக்கும். அதில் ஒரு எச்சரிக்கை, பிரீ அவுட் அல்லது லைன் அவுட் என்று எழுதியிருந்தால் அது ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற வெளிவழி, அதில் போனைக் கொடுத்தால் ஒன்றும் கேட்காது. ஆக்ஸ் இன் என்று இருந்தால் அதிர்ஷ்டம். எழுத்தை டார்ச் அடித்துப் படியுங்கள்.

உருவும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள். வெளிக்கடை செட் என்பதால் சிக்கல் இல்லை. கம்பெனியிலிருந்தே செட்டோடு வந்த வண்டிக்காரர்கள் கவனம், சில செட்டுகள் பேட்டரி கழற்றினால் ரகசிய எண் கேட்கும். அந்த அட்டை வீட்டில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்.

ஏலத்தோட்டம்:
உருவினேன். இரண்டு பக்கமும் சொருகித் தள்ளுகிற தகடு சாவி அப்பாவின் டிராயரில் செட் வாங்கிய டப்பாவிலேயே இருந்தது. அவர் எதையும் தூக்கிப் போட மாட்டார், இந்த ஒரு தடவை அது நல்லதாகப் போயிற்று. பின்னால் இரண்டு ஜோடி ஆர்சிஏ. ஒன்று பிரீ அவுட். இன்னொன்று ஆக்ஸ் இன்!

ஆனால் சோர்ஸ் பட்டனை அமுக்கினால் ரேடியோ, சிடி மட்டும்தான் மாறி மாறி வருகிறது. ஆக்ஸ் என்று ஒன்று வரவே இல்லை. சாக்கெட் செத்துப்போயிற்றா?

பழைய ஸ்பேனர்:
சாகவில்லை, தூங்குகிறது. பல செட்டுகளில் ஆக்ஸை மெனுவில் திறந்துவிட்டால்தான் சோர்ஸ் பட்டனில் தெரியும். செட்டை ஆஃப் செய்துவிட்டு (வண்டிச் சாவி ஆனில் இருக்க வேண்டும்) முன்பக்கக் குமிழையோ சோர்ஸ் பட்டனையோ சில நொடி அமுக்கிப் பிடித்தால் ஆரம்ப மெனு வரும். அதில் ஆக்ஸ் ஆன். எந்தப் பட்டன் என்பது செட்டுக்குச் செட்டு மாறும். டப்பா இருக்கிறது என்றீர்களே, கையேடும் அதற்குள்தான் இருக்கும்.

அப்புறம், 3.5 எம்எம் வெளிவழி உள்ள புளூடூத் ரிசீவர் ஒன்று, அதிலிருந்து இரண்டு ஆர்சிஏவாகப் பிரியும் வயர் ஒன்று. இவ்வளவு போதும். எந்த கோடெக் (புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை) நல்லது என்று கடையில் நின்று குழம்ப வேண்டாம், டயர் சத்தத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியப் போவதில்லை. வாங்கும்போது ஒன்று மட்டும் பாருங்கள்: சாவி திருப்பி மின்சாரம் வந்ததும் தானே ஆனாகி போனைத் தேடிப் பிடிக்கிறதா? ஒவ்வொரு முறையும் பட்டனை அமுக்கச் சொல்கிற ரிசீவர் வாங்கினால் சீக்கிரமே வெறுத்துவிடுவீர்கள்.

ஏலத்தோட்டம்:
ஆக்ஸ் வந்துவிட்டது. கையேட்டில் இருந்தது. ரிசீவரை கிளவ் பாக்ஸில் போட்டு வயரை செட்டுக்குப் பின்னால் விட்டேன், மின்சாரம் லைட்டர் சாக்கெட்டில் சொருகிய யுஎஸ்பி சார்ஜரிலிருந்து. ‘ஸ்ஸ்ஸ்’ சுத்தமாக இல்லை. தபேலா தனியாக, வயலின் தனியாகக் கேட்கிறது, இந்த ஸ்பீக்கரில் இவ்வளவு இருந்ததா என்று அப்பாவே கேட்டார்.

ஊளை மட்டும் போகவில்லை, முன்னைவிடத் தெளிவாகவே கேட்கிறது. மூன்றாவது கியரில் மேடேறும்போது ஆம்புலன்ஸ் பின்னால் வருவது போல இருக்கிறது.

பழைய ஸ்பேனர்:
இப்போது அதைப் பிடிக்கலாம். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை என்றால் அது எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் அலை. ரிசீவர் லைட்டர் சாக்கெட் வழியாக எர்த் ஆகிறது, செட் தன் கறுப்பு வயர் வழியாக வேறிடத்தில் எர்த் ஆகிறது, நடுவில் ஆடியோ வயர் இரண்டையும் சேர்த்து ஒரு வளையமாக்குகிறது. அந்த வளையத்தில் ஓடும் மின்சாரம்தான் உங்கள் ஆம்புலன்ஸ்.

சோதனை எளிது. ரிசீவரை சார்ஜரிலிருந்து கழற்றி ஒரு பவர் பேங்கில் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரை மிதியுங்கள். ஊளை போய்விட்டால் எர்த் வளையம்தான் காரணம். போகவில்லை என்றால் செட்டின் கறுப்பு வயர் எங்கே பிடித்திருக்கிறது, துரு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேகம் மாறினாலும் மாறாமல் ஒரே சுருதியில் கீச்சென்று கேட்டால் சார்ஜர் மட்டமானது, அதை மாற்றுங்கள்.

பீர்மேடு மழை:
அதுதான் சொன்னேன், புது செட் போட்டிருந்தால் இந்த வளையமே வந்திருக்காது.

பழைய ஸ்பேனர்:
உண்மை. ரிசீவர் செட்டுக்குள்ளேயே இருந்தால் தனி எர்த் கிடையாது. ஒத்துக்கொள்கிறேன்.

ஏலத்தோட்டம்:
பவர் பேங்கில் போட்டதும் மௌனம். ஊளை துளி கூட இல்லை. அப்படியானால் எப்போதும் பவர் பேங்கிலேயே ஓட்டிவிடலாமா?

பழைய ஸ்பேனர்:
ஓட்டலாம், ஆனால் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் லித்தியம் பேட்டரியை விட்டுவைப்பதை நான் விரும்ப மாட்டேன். நீங்கள் மலையில் இருக்கிறீர்கள், கம்பத்தில் மே மாதம் டேஷ்போர்டைத் தொட்டுப் பாருங்கள் தெரியும்.

கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய டப்பா ஒன்று விற்கிறது, சில நூறு ரூபாய்தான். உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள், பாட்டு காந்தம் வழியாகத் தாண்டும், எர்த் தாண்டாது. ரிசீவருக்கும் செட்டுக்கும் நடுவில் போடுங்கள். கடையில் ‘நாய்ஸ் ஃபில்டர்’ என்று கேட்டால் 12 வோல்ட் வயரில் போடுகிற வேறொன்றைக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு முனையிலும் ஆடியோ பின் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ரொம்ப மட்டமானதில் பேஸ் கொஞ்சம் குறையும்.

இன்னொன்று, போனின் வால்யூமை ஏறக்குறைய முழுசாக வைத்துவிட்டு செட்டின் குமிழில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். போனில் குறைத்துச் செட்டில் ஏற்றினால் இரைச்சலையும் சேர்த்துத்தான் பெரிதாக்குவீர்கள்.

ஏலத்தோட்டம்:
கம்பத்தில் கேட்ட கடையில் இல்லை, தேனியில் ஒரு கார் சவுண்ட் கடையில் கிடைத்தது. போட்டாயிற்று. ஊளை இல்லை. பேஸ் ஒரு துளி குறைந்த மாதிரி இருக்கிறது, செட்டில் ஒரு புள்ளி ஏற்றிக்கொண்டேன். சிடியும் ஓடுகிறது, அப்பாவுக்குத் திருப்தி. டிரான்ஸ்மிட்டரை யாருக்காவது தள்ளிவிட வேண்டும். பழைய ஸ்பேனர் அண்ணனுக்கும் கம்பம்வாசிக்கும் நன்றி.

கம்பம்வாசி:
அண்ணே, அந்த டிரான்ஸ்மிட்டரை எனக்குத் தாருங்கள். மாமா ஆம்னியில் வெறும் ரேடியோதான் இருக்கிறது, பின்னால் ஒரு சாக்கெட்டும் இல்லை, உருவிப் பார்த்துவிட்டேன். 88.1-இல் வைத்துக்கொள்கிறேன்.

ஏலத்தோட்டம்:
அடுத்த தடவை போடி போகும்போது கம்பத்தில் தருகிறேன். காசெல்லாம் வேண்டாம், ஒரு கிலோ பன்னீர் திராட்சை போதும்.