மெமரி 9 ஜிபி காலி, ஆனாலும் மெஷின் உறைகிறது: உங்களுக்கும் நடந்ததா?

ராம்பசி:
32 ஜிபி ராம் உள்ள லினக்ஸ் டெஸ்க்டாப். அதில் 16 ஜிபி ஒதுக்கி ஒரு விர்ச்சுவல் மெஷின் ஓட்டுகிறேன். காலையில் ஜோராக ஓடும். மதியத்துக்கு மேல் உள்ளே மவுஸ் நகராது. தட்டிய எழுத்தெல்லாம் பத்து நொடி கழித்து மொத்தமாக வந்து விழும். டாப் (எந்த ப்ராசஸ் எவ்வளவு சிபியு தின்கிறது என்று காட்டும் கருவி) திறந்தால் உச்சியில் கேகாம்பாக்ட்டி0 (சிதறிக் கிடக்கும் மெமரியைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் கர்னல் த்ரெட் என்று பிறகுதான் தெரிந்தது), ப்ராசஸரின் ஒரு கோரை முழுசாக, 100 சதவீதம் தின்றுகொண்டிருந்தது. பெயரைப் பார்த்து ஏதோ வைரஸ் என்று நினைத்து கில் -9 கொடுத்தேன் (சிரிக்காதீர்கள்). கர்னல் த்ரெட் ஆயிற்றே, அசையவில்லை.

ஸ்வாப் (ராம் போதாதபோது டிஸ்கில் எடுக்கும் இடம்) பக்கம் எதுவும் போகவில்லை, 9 ஜிபி சும்மா கிடக்கிறது, அப்புறம் என்ன கேடு? ப்ராக்குக்குள் படிஇன்ஃபோவை (காலி மெமரி எந்த அளவுத் துண்டுகளாகக் கிடக்கிறது என்று கர்னல் காட்டும் பட்டியல்) பார்த்ததும் விளங்கியது. இடது ஓரத்தில் 4 கேபி துண்டுகள் (சாதாரண பேஜ்கள்) லட்சக்கணக்கில். வலப்பக்கம் போகப் போக எண் சுருங்கி, கடைசியில் 2 எம்பி, 4 எம்பி கட்டங்களில் 0, 0. இடம் இருக்கிறது, சேர்ந்தாற்போல் இல்லை. கம்பாக்‌ஷன் ப்ரோஆக்டிவ்னெஸ் (யாரும் கேட்காமலே எவ்வளவு மும்முரமாக முன்கூட்டி ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற அளவு) 20-இல் இருந்தது, 0 ஆக்கினேன். ஹியூஜ்பேஜ் (2 எம்பி போன்ற பெரிய பேஜ்) கேட்கும்போது இடம் சேர்க்க முயலும் டீஃப்ராகையும் நெவர் என்று வைத்தேன். இப்போது அமைதி.

இரவுப்பணி:
அந்த த்ரெட்டைத் திட்டாதீர்கள். எனக்கு நடந்தது நேர் எதிர். ஒரு டேட்டாபேஸ் சர்வர். சில க்வெரிகள் மட்டும் காரணமே இல்லாமல் இழுக்கும். டாப்பில் கேகாம்பாக்ட்டி தலைகாட்டவே இல்லை. விஎம்ஸ்டாட்டில் (கர்னல் வைத்திருக்கும் மெமரிக் கணக்கு) கம்பாக்ட்_ஸ்டால் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அதாவது, பெரிய பேஜ் கேட்ட ப்ராசஸே வேலையை நிறுத்திவிட்டு மெமரியை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றிருக்கிறது. யாரோ டீஃப்ராகை ஆல்வேஸ் என்று வைத்திருந்தார்கள். டிஃபர் ஆக்கினேன். இப்போது ப்ராசஸ் கிடைத்த 4 கேபியை வாங்கிக்கொண்டு போய்விடும், ஒழுங்குபடுத்துவது பின்னணியில் நடக்கும். அந்தப் பின்னணி வேலைக்கென்றே 4.6 கர்னலில், 2016-இல், நோடுக்கு (மெமரித் தொகுதிக்கு) ஒன்றாக இந்த த்ரெட் வந்தது. அதற்கு முன் மெமரியைக் காலி செய்யும் கேஸ்வாப்டி தலையிலேயே இதுவும் விழுந்தது.

பழையபோர்டு:
100 சதவீதத்திலேயே நிற்கிறதென்றால் எனக்கு வரும் முதல் சந்தேகம் நகராத பேஜ்கள். ஸோனின் (கர்னல் மெமரியைப் பிரித்து வைக்கும் பகுதி) அடியிலிருந்து ஒரு ஸ்கேனர் நகர்த்தக்கூடிய பேஜ்களைப் பொறுக்கும். மேலிருந்து இன்னொன்று காலி இடம் தேடும். இரண்டும் சந்தித்தால் ஒரு சுற்று முடிந்தது. டிரைவரோ விர்ச்சுவல் மெஷினோ பின் பண்ணி (இடம் மாறாமல் பூட்டி) வைத்த பேஜை இது அசைக்க முடியாது. அதனால்தான் கம்பாக்ட்_மெமரியில் (உடனே ஒழுங்குபடுத்தச் சொல்லும் கோப்பு) 1 எழுதிப் பார்த்தும் என் போர்டில் 2 எம்பி கட்டம் 3-லிருந்து 5 ஆனது, அவ்வளவுதான். பூட் ஆகும்போதே ஹியூஜ்பேஜ்களை ஒதுக்கி வைத்துத் தப்பித்தேன். அப்போதுதான் மெமரி துண்டாகியிருக்காது.

ராம்பசி, இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது மருந்து என்று எப்படித் தெரியும்?

ராம்பசி:
சரி, தனித்தனியாகப் பார்த்தேன். டீஃப்ராகை டிஃபருக்குக் கொண்டுவந்து, ப்ரோஆக்டிவ்னெஸ் 0: நாள் முழுக்க உறையவில்லை. ப்ரோஆக்டிவ்னெஸை மட்டும் 20 ஆக்கினேன். ஒன்றரை மணி நேரத்தில் மவுஸ் நின்றுவிட்டது. பின் பண்ணிய 16 ஜிபியை வைத்துக்கொண்டு கேகாம்பாக்ட்டியை ஒழுங்குபடுத்தச் சொன்னது என் தப்புதான். 0-வே இருக்கட்டும். பூட் ஒதுக்கீட்டை இந்த வாரம் முயன்று பார்க்கிறேன்.