அழகை அக்குவினாஸ் எங்கே வைக்கிறார்?

கேள்வி:
இருப்பவை அனைத்துக்கும் பொதுவான பண்புகளை இடைக்காலக் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் 'உண்மை பற்றி' நூலின் தொடக்கத்திலேயே வரிசைப்படுத்துகிறார். அதில் ஒருமை, உண்மை, நன்மை எல்லாம் உண்டு, அழகு இல்லை. அப்படியானால், அழகு காண்பவரின் சுவையைச் சார்ந்தது என்றுதான் அவர் கருதினாரா?

மறுமொழி 1:
இல்லை, நண்பரே. அழகும் நன்மையும் பொருளளவில் ஒன்றே, கருத்தளவில்தான் வேறு என்று, வினாக்களாகப் பகுத்து எழுதிய தம் 'இறையியல் தொகுப்பு' நூலின் முதற்பகுதி 5ஆம் வினாவில் தெளிவாகச் சொல்கிறார்: நன்மை விருப்பத்தை நிறைவுசெய்கிறது, அழகு காணும்போதே இன்பம் தருகிறது. 39ஆம் வினாவில் முழுமை, இசைவு, ஒளிர்வு என்ற மூன்றையும் அழகுக்கு வேண்டியவையாகக் கூறி, அவற்றை இறைமகனோடு பொருத்திக் காட்டுகிறார். அவலட்சணமான பொருளையும் பிசகின்றிக் காட்டும் உருவம் அழகியதே என்று அங்கே அவர் சொல்வது வியக்கத்தக்கது.

மறுமொழி 2:
அதோடு 91ஆம் வினாவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அறுப்பதற்கான ரம்பத்தைக் கைவினைஞர் இரும்பில்தான் செய்வார். கண்ணாடி அதைவிட அழகான பொருளாயினும், அந்த அழகு பயனுக்குத் தடையாகிவிடும் என்கிறார். நோக்கத்தோடு பொருந்தாத அழகுக்கு அவர் முதலிடம் தரவில்லை.

மறுமொழி 3:
வரிசையில் விடுபட்டதை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது சரியல்ல. டயோனீசியஸ் என்ற பெயரில் எழுதிய பழங்காலக் கிறிஸ்தவ எழுத்தாளரான போலி டயோனீசியஸின் 'இறைப்பெயர்கள்' 4ஆம் அதிகாரம் கடவுளையே அழகு என்றழைக்கிறது; அந்நூலுக்கு அக்குவினாஸ் எழுதிய உரையில், படைப்புகளின் அழகு இறையழகில் பங்குபெறுவதே என்று விளக்குகிறார்.