பிரண்டை: நாக்கு அரிக்காமல் சமைக்கும் பக்குவமும், யார் தள்ளி வைக்க வேண்டும் என்பதும்

பிரண்டைத் துவையல் ஏன் அரிக்கிறது, அரித்தால் என்ன செய்வது, பலன் உண்டா என்று கேட்டவர்களுக்கு ஐந்து பேர் தந்த பதில்கள் இவை. கல்சட்டி, வேலிப்பந்தல் என்பவையெல்லாம் அவர்களுடைய புனைபெயர்கள்.

கல்சட்டி:
துவையல் அரித்தால் பழி பிரண்டை மேல் விழுகிறது. தப்பு பெரும்பாலும் வாணலியில். தண்டுக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாக இருக்கின்றன. சேனையும் சேம்பும் அரிப்பதும் இதனால்தான். அந்த ஊசி கையில் குத்தினால் நமைச்சல், தொண்டையில் குத்தினால் இருமல்.

கொடி நுனியிலிருந்து மூன்று நான்கு கணு வரைதான் துவையலுக்கு ஆகும். ஒடித்தால் 'படக்'கென்று ஒடிய வேண்டும். நார் இழுத்துக்கொண்டு வந்தால் முற்றல், எவ்வளவு அரைத்தாலும் திப்பி திப்பியாகத்தான் நிற்கும். இரண்டு கையிலும் விரல் இடுக்கு வரை நல்லெண்ணெய் தடவிக்கொண்டு உட்காருங்கள். கணுவை வெட்டி எறிந்துவிட்டு, நாலு விளிம்பிலும் நாரைக் கீழ்நோக்கி உரித்து, அரை விரல் நீளத் துண்டாக நறுக்குங்கள். கழுவுவது நறுக்குவதற்கு முன்னால். நறுக்கிய பிறகு கழுவினால் ஈரத்தோடு வாணலிக்குப் போகும், வதங்காமல் வேகும். அங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

சுத்தம் செய்த தண்டு 100 கிராமுக்கு நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. மிதமான தீ, மூடி போடக் கூடாது, தண்ணீர் தெளிக்கக் கூடாது. முதலில் பச்சை நிறம் தூக்கலாகும். அதை நம்பி இறக்கிவிடாதீர்கள். துண்டுகள் பாதியாகச் சுருங்கி, பழுப்புப் பச்சையாக மாறி, ஓரம் லேசாகச் சிவக்க வேண்டும். பத்து நிமிஷத்துக்குக் குறையாது. உளுத்தம்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் ஆறு, பெருங்காயம் ஆகியவற்றைத் தனியாக வறுத்து, பெரிய நெல்லிக்காய் அளவு புளி, உப்பு சேர்த்து ஆறவிட்டு அரையுங்கள். புளியில் கஞ்சத்தனம் வேண்டாம். தேங்காய் வைத்தால் ருசி கூடும், ஆனால் அன்றே தீர்த்துவிட வேண்டும்.

வேலிப்பந்தல்:
அரைப்பதற்கு முன்னால், பறித்தது பிரண்டைதானா என்று பார்க்க வேண்டும். வேலியோரம் சதுரக்கள்ளியும் நாலு பட்டையாகத்தான் நிற்கும். ஒடித்துப் பாருங்கள்: வெள்ளைப் பால் வந்தால் அது கள்ளி, தொடாதீர்கள், அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பிரண்டைச் சாறு தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். கணுவுக்குக் கணு இடுங்கி, இளங்கணுவில் ஓர் இலையும் எதிர்ப்புறம் ஒரு பற்றுக்கம்பியும் இருக்கும். திராட்சைக் குடும்பத்துக் கொடி அல்லவா, கம்பி வீசாமல் இருக்காது. முப்பிரண்டை, ஓலைப்பிரண்டை, உருட்டுப் பிரண்டை என்று வகைகள் உண்டு. சந்தையில் கட்டாக வருவது பெரும்பாலும் நாலு பட்டையுள்ள சதுரப் பிரண்டை.

ரோட்டோரத்திலும் மருந்தடித்த வயல் வரப்பிலும் பறிக்க வேண்டாம். இரண்டு கணு உள்ள துண்டை ஒரு நாள் நிழலில் வாடவிட்டு, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால் தொட்டியிலேயே வந்துவிடும். தண்ணீர் அதிகம் ஊற்றினால்தான் சாகும்.

அஞ்சறைப்பெட்டி:
சிராத்தத்தில் பாகற்காய் நூறு கறிக்குச் சமம், பிரண்டை முந்நூறு, பலா அறுநூறு என்று வசிட்டர் கதையில் ஒரு கணக்கு வரும். அந்த இலையிலும் பிரண்டை துவையலாகத்தான் விழுகிறது, பச்சையாக அல்ல. தாய்லாந்தில் மூலத்துக்குப் பச்சைத் தண்டையே விழுங்கும் வழக்கம் உண்டு. அவர்கள்கூட வாழைப்பழத்துக்குள்ளோ புளிக்குள்ளோ பொதிந்துதான் விழுங்குகிறார்கள். இங்கே இப்போது வெறும் வயிற்றில் பச்சைச் சாறு குடிக்கச் சொல்லி வீடியோ போடுகிறார்கள். வேண்டாத வேலை.

மருந்துக்குறிப்பு:
பலன் பற்றிக் கேட்டவர்களுக்கு. 'எலும்பொட்டி' என்ற பெயருக்கு ஓரளவு ஆதாரம் உண்டு: 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாத்தும் விலங்குகளில் சோதித்து, பிரண்டைச் சாரம் கொடுத்தவற்றுக்கு முறிவு சீக்கிரம் கூடியதைப் பதிவு செய்தார்கள். அது செறிவாக்கிய சாரம். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் ஒரு கரண்டித் துவையலுக்கு அதே கணக்கைப் போட முடியாது. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே, கட்டு, பிறகு துவையல்.

மூலத்துக்கு? தாய்லாந்தில் 2010ல் வந்த ஆய்வில், கடும் மூலத்துக்குப் பிரண்டை மாத்திரையும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் ஒரே மாதிரிதான் வேலை செய்தன. எடை குறைய விற்கும் பிரண்டைக் கேப்ஸ்யூல்களுக்கு ஆதாரமாகக் காட்டப்படுபவை கேமரூனில் நடந்த சிறிய ஆய்வுகள். மிச்சமிருப்பது பசி, செரிமானம். வாய்க்கசப்பு இருக்கும் நாளில் பிரண்டையும் பெருங்காயமும் சேர்ந்தால் சாப்பாடு இறங்கும் என்பதை மறுக்க மாட்டேன்.

தவிர்க்க வேண்டியவர்கள்: சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் வந்தவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள். சர்க்கரை மாத்திரை போடுபவர்களுக்கு வாரம் ஒருமுறை துவையல் பரவாயில்லை, ஆனால் பிரண்டைப் பொடி, கேப்ஸ்யூல் என்று தினமும் எடுத்தால் சர்க்கரை இறங்கலாம். மருத்துவரிடம் சொல்லாமல் வேண்டாம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் மருந்தளவில் எடுக்கக் கூடாது. பிரண்டை உப்பு வேறு சமாசாரம். தண்டை எரித்த சாம்பலைக் கரைத்து, தெளியவிட்டுக் காய்ச்சி எடுப்பது. பொட்டாசியம் நிறைந்த காரம், அதாவது அல்கலி; மிளகாய்க் காரம் அல்ல. சமையல் உப்புக்குப் பதிலாகப் போடுகிற பொருள் அல்ல. சித்த மருத்துவர் சொல்லும் அளவை மீறக் கூடாது. சிறுநீரக நோயாளி தொடவே கூடாது.

கல்சட்டி:
அரிப்பு வந்த பிறகு என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார்கள். கையில் என்றால் சொறியாதீர்கள், ஊசி இன்னும் உள்ளே இறங்கும். எண்ணெய் தடவித் துணியால் துடைத்து, புளிக்கரைசலில் கையை வைத்திருந்து, பிறகு சோப்பு. கண்ணில் பட்டால் எண்ணெயும் புளியும் கிட்டவே வரக் கூடாது. பதினைந்து நிமிஷம் நல்ல தண்ணீரில் கழுவி, எரிச்சல் நிற்காவிட்டால் கண் மருத்துவரிடம் போக வேண்டும். தொண்டை அரித்தால் மோர் அல்லது ஒரு வாய் தயிர்சாதம். உதடோ நாக்கோ வீங்கினாலும், மூச்சு இழுத்தாலும் கைவைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரி.

அரைத்து முடித்த துவையல் அரிக்கிறதா? தேங்காய் போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள். இன்னும் கொஞ்சம் புளி சேர்த்து, வாணலியில் எண்ணெய் விட்டு, விழுது உருண்டு வரும்வரை மறுபடி சுருட்டுங்கள். நுனி நாக்கில் வைத்து ஐந்து நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் குத்தினால் கொட்டிவிடுங்கள்.

வடகம்:
முற்றின தண்டை எறிய மனசு வராதவர்களுக்கு: அப்பளம் இடுகிறவர்கள் மாவு பிசையப் பிரண்டைச் சாறு கேட்பார்கள், அவர்களிடம் கொடுங்கள். இளந்தண்டு மிஞ்சினால் புளித்த மோரில் உப்பு, மஞ்சள் போட்டு இரவு ஊறவையுங்கள். பகலில் வெயில், இரவில் அதே மோர், மோர் தீரும்வரை. கையால் ஒடித்தால் சத்தம் கேட்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் டப்பாவில் ஒரு வாரத்தில் பூசணம் பிடிக்கும். பொரிக்கும்போது நிதானமான தீ; வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும் வற்றலும் அரிக்கத்தான் செய்யும்.