மறுமொழி: ‘மான்ஸ்டர் மூவி’க்குத் தமிழில் ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

மனிதரைக் கொல்லும் கொடிய உயிரிகளை வைத்து, பெரும்பாலும் தொலைக்காட்சிக்காகக் குறைந்த செலவில் எடுக்கப்படும் ‘மான்ஸ்டர் மூவி’ வகைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே கேட்கப்பட்டிருந்தது. அதற்கு இதுவரை வந்த அரக்கப்படம், பூதப்படம், மலிவு விலங்குப்படம் ஆகிய மூன்று பரிந்துரைகளுமே எனக்கு நிறைவளிக்கவில்லை.

அரக்கன் என்றதும் வரம் வாங்கி, வாதம் செய்து, வஞ்சினம் உரைக்கும் ஓர் உருவம்தான் கண்முன் வருகிறது. பூதமோ ஏவிய வேலையைச் செய்யும். அமெரிக்காவின் சிஃபி தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட படங்களில் வருபவை சுறா, முதலை, மலைப்பாம்பு, சிலந்தி. அவை பேசுவதில்லை, பசியைத் தவிர வேறு நோக்கமும் அவற்றுக்கு இல்லை. விலங்கு என்றால் சரியாகிவிடுமா? மீனையும் சிலந்தியையும் பேய்க்கணவாயையும் (ஆக்டோபஸ்) நாம் அன்றாடப் பேச்சில் விலங்கு என்று சொல்வதில்லையே.

‘மலிவு’ என்பதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். ஒரு கலைவகைக்குப் பெயர் வைக்கும்போதே அதை ஏளனம் செய்துவிடக் கூடாது. பணக்குறைவு இந்தப் படங்களுக்கு ஒரு வடிவத்தைக் கொடுத்திருக்கிறது. இரண்டு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரங்கள் போக ஏறக்குறைய 90 நிமிடம்தான் கதைக்கு மிஞ்சும். ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கு முன்பும் ஒரு தாக்குதலோ அதற்கான அறிகுறியோ வந்தாக வேண்டும். இல்லையென்றால் பார்ப்பவர் சேனலை மாற்றிவிடுவார். கணினியில் உருவாக்கும் உயிரியைத் திரையில் கூடுதலாகக் காட்டக் காட்டச் செலவும் ஏறும். அதனால் நீந்துபவரின் கால்களை நீருக்கடியிலிருந்து காட்டுவார்கள். பிறகு கரையில் நிற்பவரின் முகம், அதன் பிறகு சிவக்கும் தண்ணீர். துடுப்பு ஒன்று தெரிந்து மறையும். உயிரி முழுதாகத் தெரிவது சில நொடிகள்தான். அது கொல்வதைத்தான் நாம் படம் நெடுக உணர்கிறோம்.

ஆகவே அந்தச் செயலிலிருந்தே பெயரை எடுக்கலாம் என்பது என் கருத்து. என் பரிந்துரை: கொல்லுயிர். கொல்களிறு, கொல்புலி போல இதுவும் வினைத்தொகை. கொன்ற உயிர், கொல்கிற உயிர், கொல்லும் உயிர் என மூன்று காலமும் இதற்குள் அடங்கும். சூறாவளி சுறாக்களை அள்ளி வந்து ஊருக்குள் வீசும் ஷார்க்நேடோ 2013இல் தொடங்கி 2018 வரை ஆறு படங்களாக நீண்டதை நினைத்தால், காலம் காட்டாத இந்தத் தொகை எவ்வளவு பொருத்தம் என்று புரியும். சுறாவும் சிலந்தியும் ஒருசேர இதில் அடங்கும். பேயும் இயந்திர மனிதனும் தாமாகவே வெளியே நின்றுவிடும். திரையரங்குக்கு எடுத்தது கொல்லுயிர்ப்படம். தொலைக்காட்சிக்கென்றே எடுத்தது சின்னத்திரைக் கொல்லுயிர்ப்படம். சற்று நீளம்தான், ஆனால் சின்னத்திரை என்பது எல்லோர் நாவிலும் பழகிய சொல்.

கலப்புயிரிகளுக்குத் தனிச்சொல் வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். ரோஜர் கோர்மன் தயாரித்து 2010இல் சிஃபியில் வந்த ஷார்க்டோபஸ் படத்தில், காலில் மீள்கயிறு கட்டி உயரத்திலிருந்து குதிக்கும் ஒரு பெண்ணை நீரிலிருந்து எழும்பிக் கவ்வுகிறது ஓர் உயிரி. முன்பாதி சுறா, பின்பாதி பேய்க்கணவாய். சிங்க உடலில் துதிக்கை பொருத்திய யாளியை நம் சிற்பிகள் கல்லில் செதுக்கி வைத்திருக்கும்போது, இதற்குப் புதுச்சொல் தேடுவானேன்? கொல்யாளி என்போம். இந்தச் சொல்லை எழுதிப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

ஷார்க்நேடோவைச் சுறாவளி என்று சொல்வதையும் தயங்காமல் ஏற்கலாம். ஆங்கிலத்தில் இரண்டு சொற்களை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். தமிழில் சூறாவளியின் முதல் நெடிலைக் குறிலாக்கினாலே போதும், சுறா வந்துவிடுகிறது.

‘மாக்பஸ்டர்’ என்பதை இதனோடு குழப்ப வேண்டாம். பெரிய படம் ஒன்று வரும் நேரம் பார்த்து, அதன் பெயரையும் தோற்றத்தையும் ஒட்டி எடுப்பது அது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்தை ஒட்டி தி அசைலம் நிறுவனம் 2007இல் வெளியிட்ட டிரான்ஸ்மார்ஃபர்ஸ் தெளிவான எடுத்துக்காட்டு. அதில் வருபவை இயந்திரங்கள். இந்த வகையைச் சாயற்படம் எனலாம். ஷார்க்நேடோவைத் தயாரித்ததும் இதே நிறுவனம்தான் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு: கொல்லுயிர்ப்படம் (பெயர்ச்சொல்) – மனிதரை வேட்டையாடும் இயல்புமீறிய உயிரி ஒன்றை மையமாகக் கொண்ட திரைப்படம். ‘இயல்புமீறிய’ என்ற அடை தேவையா என்பதில் மட்டும் எனக்கு ஐயம் இருக்கிறது. சாதாரண அளவுள்ள முதலை வரும் படத்தையும் இதில் சேர்ப்பதா, விடுவதா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.