மொத்தச் சந்தை விலைக்கே கரண்ட் தரும் கம்பெனிக்கு மாறலாமா? (சிட்னி, சோலார் உண்டு, பாட்டரி இல்லை)

டூங்காபி வீடு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சிட்னியில் டூங்காபியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். நாங்கள் இருவர், பள்ளி போகும் இரண்டு பிள்ளைகள், மாமியார். கூரையில் 6.6 கிலோவாட் சோலார் இருக்கிறது. பாட்டரி இல்லை, எலெக்ட்ரிக் காரும் இல்லை. வீடு முழுக்க டக்டட் ஏசி. சுடுதண்ணீர்த் தொட்டி பழைய மாதிரி, ராத்திரி ஆஃப்-பீக்கில் (கரண்ட் மலிவான நேரத்தில்) ஓடுவது.

கோடைக் காலாண்டின் பில் 570 டாலருக்குக் கொஞ்சம் மேல் வந்தது. யூனிட் 36 சென்ட். சோலாரில் வெளியே அனுப்புவதற்கு 5 சென்ட் தருகிறார்கள். அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர், மொத்தச் சந்தை விலையை அப்படியே வாங்கிக்கொண்டு மாதச் சந்தா மட்டும் எடுக்கும் கம்பெனிக்கு மாறிவிட்டாராம். பகலில் யூனிட் 6, 7 சென்டுக்குக் கிடைக்கிறது என்று போனில் காட்டினார். பார்த்ததும் ஆசையாக இருந்தது. வீட்டுக்காரருக்குப் பயம். விலை திடீரென்று எகிறும் என்கிறார். இதில் ஏற்கெனவே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பிளாக்டவுன் பழைய மீட்டர்

சகோதரி, நான் 2021 கடைசியில் இதில் சேர்ந்தேன், 2022-ல் வெளியேறினேன், 2023-ல் திரும்பச் சேர்ந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 6 சென்டைப் பற்றி. நாம் கட்டும் பில்லில் சந்தை விலை என்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கம்பிக் கட்டணம், சுற்றுச்சூழல் திட்டங்களின் செலவு, சந்தைக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் அதன் மேல் ஏறும். நம் பக்கம் கம்பி எண்டெவர் எனர்ஜியுடையது. மாலை நேரத்துக்கு அவர்களே தனியாகக் கூடுதல் விலை வைத்திருக்கிறார்கள். எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் அந்தப் பணம் போகத்தான் செய்யும். பகலில் சந்தை விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போகும் நாட்கள் நிறைய உண்டு. அப்போதும் நம் கைக்கு வரும்போது 5, 6 சென்ட் ஆகிவிடும். உங்கள் தோழர் காட்டியது அதைத்தான். பொய் இல்லை.

சந்தை விலை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மாறும். 2021 அக்டோபர் வரை அரை மணிக் கணக்காக இருந்தது, அதற்குப் பிறகு ஐந்து நிமிடம். கீழே யூனிட்டுக்கு மைனஸ் 1 டாலர் வரை போகலாம். மேலே 2025-26க்கு வைத்த உச்ச வரம்பு மெகாவாட் மணிக்கு (1,000 யூனிட்டுக்கு) 20,300 டாலர், அதாவது யூனிட்டுக்கு 20 டாலர் 30 சென்ட். சென்ட் இல்லை, டாலர். அந்த விலை ஒரு மணி நேரம் நின்று, உங்கள் டக்டட் ஏசி அந்த நேரத்தில் 4 யூனிட் எடுத்தால், 80 டாலர் போச்சு. வருடத்தில் சில மணி நேரம்தான் அப்படி வரும். ஆனால் அது எப்போது வரும் என்று பாருங்கள். எல்லோரும் வீடு திரும்பி ஏசியும் அடுப்பும் போடும் நேரத்தில், சூரியன் இறங்கிய பிறகு.

2022 ஜூனில் என்ன ஆனது என்பதையும் சொல்கிறேன். நிலக்கரி நிலையங்கள் பல ஒரே சமயத்தில் பழுதாகி நின்றன. உக்ரைன் போரால் நிலக்கரியும் எரிவாயுவும் விலை ஏறியிருந்தன. குளிரும் சேர்ந்துகொண்டது. ஏழு நாள் விலைகளின் கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டியதால் மெகாவாட் மணிக்கு 300 டாலர் என்று உச்சம் கட்டினார்கள். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாது என்று மின் நிலையங்கள் பின்வாங்க, சந்தையை நடத்தும் ஏமோ ஜூன் 15 அன்று சந்தையையே நிறுத்திவைத்தது. 24ஆம் தேதிதான் திரும்பத் திறந்தார்கள். எனக்கு மாதம் 150 டாலர் அளவில் வந்துகொண்டிருந்த பில் அந்த மாதம் 370. ஸ்பைக், அதாவது விலை திடீரென்று எகிறுவது, ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும், ஏசியை அணைத்துச் சமாளிக்கலாம். இது அப்படி இல்லை. காலை, மதியம், ராத்திரி எந்த நேரமும் விலை உயரத்திலேயே நின்றது. எதை அணைப்பது? நான் நிலையான விலைத் திட்டத்துக்கு ஓடினேன்.

2023-ல் எனக்கு ஷிஃப்ட் மாறி, பகல் பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடும் நிலை வந்தது. மாவு அரைப்பது, துணி துவைப்பது, குழம்பு வைப்பது எல்லாம் பகலுக்குப் போனது. அதனால் திரும்பச் சேர்ந்தேன், நன்றாகவே ஓடியது. ஆனால் ஒரு நாளை என்னால் மறக்க முடியவில்லை.

2024 நவம்பர் 27. மேற்கு சிட்னியில் நாற்பதை நெருங்கிய வெயில். மதியம் 3 முதல் இரவு 8 வரை கரண்டைக் குறைத்துப் பயன்படுத்துங்கள் என்று மாநில அரசே மக்களைக் கேட்டுக்கொண்ட நாள். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். கம்பெனியின் ஆப்பில் விலை ஏறியதைக் காட்டும் சிவப்பு வந்தால் எதையும் போடாதீர்கள் என்று முந்தைய வாரம்தான் அவருக்குக் காட்டிக் கொடுத்திருந்தேன். அன்று ஒரு வேலையாக வெளியே போய்விட்டு ஏழரைக்கு வந்தால் வீடு இருட்டாக இருக்கிறது. ஏசி இல்லை, ஃபேனும் இல்லை. அம்மா பின்படியில் உட்கார்ந்து பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருக்கிறார். முந்தானை நனைந்திருக்கிறது. பக்கத்தில் டேப்லெட், அதில் சிவப்பு. "இன்னும் மாறலைப்பா" என்றார். ஃபேன் எடுப்பது 60, 70 வாட். என்ன விலை என்றாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு டாலர் சொச்சம்தான். அது அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லையே. அன்று மிச்சமான பணத்தை எண்ணிப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் வீட்டில் மாமியார் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இதைச் சொன்னேன். மாலை 4 முதல் 9 வரை உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் யோசியுங்கள்.

இன்னொன்று. உங்களுக்குச் சோலார் இருக்கிறது, பாட்டரி இல்லை. பகலில் மலிவாகக் கிடைக்கும் கரண்ட் உங்களுக்குத் தேவையே இல்லை, அது கூரையிலிருந்து வருகிறது. நீங்கள் வெளியே வாங்குவதெல்லாம் மாலையிலும் ராத்திரியிலும். அதாவது சந்தையில் விலை கூடிய நேரத்தில் வாங்குவீர்கள், விலை படுத்துக் கிடக்கும் நேரத்தில் விற்பீர்கள். விற்கும்போது விலை மைனஸில் இருந்தால் அனுப்புவதற்கு நீங்கள் காசு கட்ட வேண்டி வரும். இன்வெர்ட்டரை (சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) தானாகவே அடக்கி வைக்கும் வசதி இருந்தால் தப்பலாம். பழைய இன்வெர்ட்டர்கள் பலவற்றில் அது கிடையாது.

இப்போது இருக்கும் கம்பெனியிடம் அரை மணிக் கணக்கு மீட்டர் விவரம் கேளுங்கள். இலவசமாகத் தர வேண்டும். வந்ததும் 4 மணியிலிருந்து 9 மணி வரை எத்தனை யூனிட் வாங்குகிறீர்கள் என்று கூட்டிப் பாருங்கள்.

டாலஸ் குளிர்

நான் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறேன். இங்கே கிரிடி என்ற கம்பெனி மாதம் 9.99 டாலர் சந்தாவுக்கு மொத்த விலையில் கரண்ட் கொடுத்தது. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் விலை மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் உச்சத்தில் நாள்கணக்கில் நின்றது, யூனிட்டுக்கு 9 டாலர். வேறு கம்பெனிக்குப் போய்விடுங்கள் என்று அவர்களே வாடிக்கையாளர்களிடம் சொன்னார்கள். மாற முடியாதவர்களுக்கு ஆயிரக்கணக்கில் பில் வந்தது. மார்ச்சில் கம்பெனி திவால். அதே வருடம் வீடுகளுக்கு இந்த மாதிரித் திட்டம் விற்கக் கூடாது என்று மாநிலச் சட்டமே வந்துவிட்டது. வெளியே உறைபனி இருக்கும்போது ஹீட்டரை யாராலும் அணைக்க முடியாது.

மெல்பன் நர்ஸ்

அக்கா, ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. மாமியாருக்கு வீட்டில் ஆக்சிஜன் மெஷின், டயாலிசிஸ் மாதிரி ஏதாவது உண்டா? ஆக்சிஜன் மெஷின் இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டியது. விலை ஏறினால் தள்ளிப்போட முடியாது. அப்படி இருந்தால் இந்தத் திட்டம் வேண்டவே வேண்டாம். எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் உயிர்காக்கும் கருவி இருக்கிறது என்று புதிய கம்பெனியிடம் மறுபடி பதிவு செய்யுங்கள். பழைய பதிவு தானாக வந்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள்.

டூங்காபி வீடு

எல்லோருக்கும் நன்றி. தங்கச்சி, அந்த மாதிரிக் கருவி ஏதும் இல்லை, மூட்டு வலிதான். ஆனால் வெயில் அவருக்கு ஆகாது. பழைய மீட்டர் அண்ணா, உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதை வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டினேன்.

மீட்டர் விவரம் வந்துவிட்டது. ஒரு நாளைக்குச் சராசரி 16 யூனிட் வாங்குகிறோம். அதில் 9 யூனிட் மாலை 4 முதல் 9 வரை. மீதி 7 பெரும்பாலும் ராத்திரி. வெளியே அனுப்புவது 10 யூனிட். இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுத் தர முடியுமா?

பிளாக்டவுன் பழைய மீட்டர்

போட்டுவிடலாம். ஸ்பைக் இல்லாத சாதாரண நாளுக்கு மட்டும் போடுகிறேன். எல்லாம் சேர்த்து மாலைக்கு 40 சென்ட், ராத்திரிக்கு 20 சென்ட் என்று வையுங்கள். 9 யூனிட்டுக்கு 3.60, 7 யூனிட்டுக்கு 1.40, ஆக 5 டாலர். இப்போது 16 யூனிட்டுக்கும் 36 சென்ட் என்று வைத்தால் 5.76 கட்டுகிறீர்கள். நாளைக்கு 76 சென்ட் லாபம், மாதம் 23 டாலர். அதில் சந்தா 20 என்று வைத்துக் கழித்தால் 3 டாலர் மிஞ்சும். அப்புறம் சோலாருக்கு இப்போது வரும் 5 சென்ட் போய்விடும். 10 யூனிட்டுக்கு நாளைக்கு 50 சென்ட், மாதம் 15 டாலர். ஆக மாதம் 12 டாலர் நஷ்டம், ஒரு ஸ்பைக்கும் வராமலேயே. ஒரு கெட்ட மாலை வந்தால் அது தனி.

உங்கள் வீட்டுக்கு இப்போது இது வேண்டாம் என்பது என் முடிவான கருத்து.

ராத்திரி வாங்கும் 7 யூனிட்டில் சுடுதண்ணீர்த் தொட்டி எவ்வளவு எடுக்கிறது என்று பாருங்கள். ஆஃப்-பீக்குக்குத் தனி விலை இருந்தால் பில்லில் தனி வரியாக வரும். அதைப் பகலுக்கு மாற்றினால் சோலாரிலேயே சூடாகும், 5 சென்டுக்கு விற்கும் கரண்ட் வீட்டுக்கே பயன்படும். தொட்டிக்குத் தனி மீட்டர் இணைப்பு இருக்கக்கூடும் என்பதால் நீங்களாகக் கை வைக்க வேண்டாம், உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

பாட்டரி போட்டால் கதையே வேறு. மாலையின் 9 யூனிட்டையும் பகலில் நிரப்பிவைத்துக்கொள்ளலாம், விலை எகிறும்போது விற்கவும் செய்யலாம். 2025 ஜூலையிலிருந்து மத்திய அரசின் தள்ளுபடி இருக்கிறது. தொடங்கியபோது ஏறக்குறைய 30 சதவீதம். நான் அதில்தான் போட்டேன். முதலில் வந்த ஆள் ஒரே நாளில் கையெழுத்துப் போடச் சொல்லி அவசரப்படுத்தினார். எங்கள் மீட்டர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அனுப்பிவிட்டேன். இரண்டாவதாக வந்தவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஸ்விட்ச்போர்டை மாற்ற 900 டாலர் கூட ஆகும் என்று முதலிலேயே சொன்னார். அவரிடம்தான் கொடுத்தேன். கரண்ட் போனாலும் வீட்டில் எந்தெந்த அறையில் விளக்கு எரியும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லா பாட்டரியும் அதைச் செய்யாது.

பாட்டரி வந்த பிறகு மொத்த விலைத் திட்டத்தை மறுபடி கணக்குப் போடுங்கள். அப்போதும் மாமியார் கையில் அந்த ஆப்பைக் கொடுக்காதீர்கள்.

டூங்காபி வீடு

சரி அண்ணா, கொடுக்கவில்லை. இப்போதைக்கு இருக்கும் கம்பெனியிலேயே இருக்கிறோம். பில்லைப் பார்த்தேன், சுடுதண்ணீருக்குத் தனி வரி இருக்கிறது, ஒரு நாளைக்கு 4 யூனிட் காட்டுகிறது. சனிக்கிழமை எலெக்ட்ரீஷியன் வருகிறார். பாட்டரிக்கு இரண்டு பேரிடம் விலை கேட்டிருக்கிறோம். மீட்டர் பெட்டியை யார் திறந்து பார்க்கிறார்கள் என்று கவனித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.